மீசோதெலியோமா சிகிச்சைக்கு அப்புறம் அது திரும்ப வருதான்னு ஸ்கேன்ல எப்படிக் கண்காணிக்கிறது: நம்ம காரைக்குடிப் பக்கத்து ஆளுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சிகிச்சை முடிஞ்சதும் டாக்டர் "மூணு மாசம் கழிச்சு ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வாங்க"ன்னு சொல்லி அனுப்பிடுவாரு, அதுக்கப்புறம் என்ன ஸ்கேன், எங்க எடுக்கிறது, ரிப்போர்ட்ல எதைப் பாக்கிறதுன்னு உக்காந்து விளக்கிச் சொல்ல பெரும்பாலும் ஆள் இருக்காது. காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், புதுவயல்னு நம்ம பக்கத்துல மீசோதெலியோமா, அதாவது பெரும்பாலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியால நுரையீரலைச் சுத்தி இருக்கிற சவ்வுல வர்ற கேன்சர், அபூர்வம்தான், ஆனா அறவே இல்லைன்னு சொல்ல முடியாது. அந்தக் காலத்துல சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்கும் வளைகுடாவுக்கும் போயி பைப்பு, பாய்லர் மேல கல்நார் சுத்துற வேலை பாத்தவங்க இருக்காங்க, சிமெண்ட் ஷீட் கம்பெனியில தூசிக்குள்ளயே நின்னவங்க இருக்காங்க, அந்தத் தூசி உள்ள போயி 20லருந்து 50 வருஷம் கழிச்சுத்தான் நோயா வெளிய தெரியும். எங்க சித்தப்பாவுக்கு அப்படித்தான் வந்துச்சு. அவரு கூட ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சு, டாக்டர்ககிட்டயும் ஸ்கேன் சென்டர் ஆளுககிட்டயும் கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதை இங்க வரிசையா எழுதுறேன், வீட்ல ஒரு ஆள் இதை முழுசா படிச்சு வெச்சுக்கிட்டாப் போதும்.

ஒண்ணை முதல்லயே சொல்லிடுறேன். இந்த நோய் திரும்ப வருதான்னு ஒரே ஒரு ஸ்கேனை வெச்சு யாராலயும் சொல்ல முடியாது, பழசையும் புதுசையும் பக்கத்துல வெச்சு ஒத்துப் பாத்தாத்தான் தெரியும். கீழ நான் சொல்ற எல்லா வேலையும் அந்த ஒத்துப்பாக்குறது ஒழுங்கா நடக்கணும்ங்கிறதுக்காகத்தான்.

ஏன் இவ்வளவு கஷ்டம்

மத்த கேன்சர் மாதிரி இது உருண்டையா ஒரு கட்டியா வளராது. நுரையீரலைச் சுத்தி இருக்கிற சவ்வு, அதைப் புளூரான்னு சொல்றாங்க, அது மேல நம்ம பழைய வீட்டுச் சுவத்துச் சுண்ணாம்புப் பூச்சு மாதிரி தகடாப் பரவும். ஆபரேஷன்ல கண்ணுக்குத் தெரியுறதை எல்லாம் எடுத்தாலும் தெரியாத செல்லுக ஒட்டிக்கிட்டு இருக்கும், அதனால நல்லா சிகிச்சை நடந்தவங்களுக்கும் பெரும்பாலும் ஒரு கட்டத்துல திரும்ப வருது, இதை மறைச்சுச் சொல்றதுல பிரயோஜனம் இல்ல. எங்க வரும்ங்கிறது நடந்த ஆபரேஷனைப் பொறுத்தது. நுரையீரலை வெச்சுக்கிட்டு சவ்வை மட்டும் உரிச்சு எடுத்திருந்தா அதே பக்கத்து நெஞ்சுக்குள்ளதான் அதிகமா வரும், நுரையீரலோட சேத்து எடுத்திருந்தா எதிர்ப்பக்கத்து நெஞ்சு, வயிறுன்னு தூரமாவும் போகும். நிறைய பேருக்கு ஆபரேஷனே பண்றதில்ல, கீமோ இல்லன்னா உடம்போட எதிர்ப்புச் சக்தியைத் தூண்டி விடுற இம்யூனோதெரபிதான் (இங்கிலாந்துல நடந்து 2024ல வெளிவந்த மார்ஸ் 2 ஆய்வுல ஆபரேஷன் பண்ணவங்களுக்குப் பலன் கூடலைன்னு வந்த பிறகு டாக்டர்க இன்னும் யோசிக்கிறாங்க). அவங்களுக்குக் கட்டி உள்ளயே இருக்கும், அது அடங்கிக் கிடக்கா வளருதாங்கிறதுதான் கேள்வி.

முதல் வேலை: பேஸ்லைன் ஸ்கேன்

சிகிச்சை முடிஞ்சு ஒண்ணு ரெண்டு மாசத்துக்குள்ள ஒரு ஸ்கேன் எடுக்கணும், இதுதான் பேஸ்லைன். ஆபரேஷன் தழும்பு, தேங்கி நிக்கிற தண்ணி, ரேடியேஷனால சுருங்கின இடம் எல்லாம் அதுல பதிவாயிடும், பின்னாடி வர்ற ஒவ்வொரு ஸ்கேனும் இதோட ஒத்துத்தான் பாக்கப்படும். நல்லாத்தானே இருக்காரு, இப்ப எதுக்கு வெட்டிச் செலவுன்னு வீட்ல சொல்லுவாங்க, கேக்காதீங்க, நல்லா இருக்கும்போது எடுத்து வெச்ச இந்த ஸ்கேன்தான் நாளைக்குச் சந்தேகம் வரும்போது விலைமதிப்பில்லாதது.

ஸ்கேன் எடுத்ததும் பிலிமோட சேத்து டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்க, சில இடத்துல பிலிமை மட்டும் கவர்ல போட்டுக் குடுத்து அனுப்பிடுவாங்க. பிலிம்ல இருக்கிறது பொறுக்கி எடுத்த சில படங்கதான், டிஸ்க்லதான் முழுசும் இருக்கும், டாக்டர் கம்ப்யூட்டர்ல போட்டு மில்லிமீட்டர் அளக்கணும்னா டிஸ்க் வேணும். நாங்க ஒவ்வொரு டிஸ்க் மேலயும் மார்க்கர்ல தேதி, எந்த ஸ்கேன், எத்தனையாவது கீமோவுக்கு அப்புறம்னு எழுதி, ரிப்போர்ட்டோட சேத்து ஒரே பைல்ல வெச்சிருக்கோம், அது போக படங்களை ஒரு பென் டிரைவ்லயும் காப்பி பண்ணி வெச்சிருக்கோம், ஏன்னா டிஸ்க்ல கீறல் விழுந்தா அவ்வளவுதான். அதே பைல்ல ஆபரேஷன் நோட், டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்சி ரிப்போர்ட், தண்ணி சேராம இருக்க டால்க் பவுடர் போட்டிருந்தா அந்தத் தேதி, தண்ணி வடிக்க டியூப் போட்ட இடம் எல்லாம் இருக்கணும், இது ஏன்னு கீழ வரும்.

அடுத்து: எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை

உலகம் பூரா ஒரே அட்டவணைன்னு ஒண்ணு கிடையாது. பொதுவா முதல் ரெண்டு வருஷம் மூணு நாலு மாசத்துக்கு ஒருக்க, அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒருக்க, அஞ்சு வருஷம் தாண்டினா வருஷத்துக்கு ஒருக்கன்னு வெப்பாங்க. கீமோ ஓடிக்கிட்டு இருக்கும்போது ரெண்டு மூணு சைக்கிளுக்கு ஒரு தடவை எடுப்பாங்க. பயத்துல நீங்களா மாசாமாசம் எடுக்க வேண்டாம். நெஞ்சுக்கு எடுக்கிற ஒரு சிடி ஸ்கேன்ல சுமாரா 7 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு, அதாவது இயற்கையா நம்ம மேல ரெண்டு மூணு வருஷத்துல படுற அளவு, இந்த நோய்க்கு முன்னாடி அது பெரிய விஷயம் இல்லதான், ஆனா காரணம் இல்லாம எடுக்கிறதுல லாபமும் இல்ல, ஒரு மாச இடைவெளியில வித்தியாசமும் சரியாத் தெரியாது.

முக்கியமான ஸ்கேன்: கான்ட்ராஸ்ட் சிடி

கண்காணிப்புக்கு முதுகெலும்பு இதுதான். இங்க நம்ம ஊர்ல நடக்கிற ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆகணும், கொரோனா வந்தப்ப எல்லாரும் எச்ஆர்சிடி எடுத்துப் பழகிட்டதால நெஞ்சு ஸ்கேன்னாலே எச்ஆர்சிடின்னு நினைக்கிறாங்க, சென்டர்லயும் சீட்டை அரைகுறையாப் படிச்சிட்டு அதை எடுத்துக் குடுத்துடலாம். எச்ஆர்சிடி நுரையீரலுக்குள்ள பாக்கத்தான், அதுல மருந்து ஏத்துறதில்ல. நமக்கு வேண்டியது சவ்வு, நெஞ்சுச் சுவர், நெஞ்சு நடுவுல இருக்கிற நெறிக்கட்டிக, இதெல்லாம் கான்ட்ராஸ்ட் மருந்து ஏத்தினாத்தான் பிரிஞ்சு தெரியும். மருந்து ஏத்தி ஒரு நிமிஷம் போலக் கழிச்சுப் படம் எடுத்தா சவ்வு நல்லா எடுப்பாத் தெரியும். அதனால சீட்ல "நெஞ்சும் மேல்வயிறும், கான்ட்ராஸ்ட்டோட, மீசோதெலியோமா கண்காணிப்புக்காக, பழைய ஸ்கேனோட ஒத்துப் பாக்கவும்"னு எழுதி இருக்கான்னு டாக்டர் ரூம்லயே பாத்துக்குங்க. மேல்வயிறு ஏன்னா சவ்வு கல்லீரலுக்குப் பின்னாடி வரைக்கும் கீழ இறங்குது, நோயும் உதரவிதானத்தை, அதாவது நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற தசையை, தாண்டி வயித்துக்குள்ள போகக்கூடியது.

போறதுக்கு முன்னாடி கிரியாட்டினின் டெஸ்ட் கட்டாயம், கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்தப் பரிசோதனை அது. சிஸ்பிளாட்டின்ங்கிற கீமோ மருந்து ஏத்துனவங்களுக்குக் கிட்னி ஏற்கனவே அடி வாங்கியிருக்கலாம், அது மேல கான்ட்ராஸ்ட் போகும்போது கவனம் வேணும். சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுறவங்க, கிட்னி வேலை குறைஞ்சிருந்தா, ரெண்டு நாள் நிறுத்தச் சொல்லலாம், அதை டாக்டர் சொன்னாச் செய்யுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. முன்னாடி கான்ட்ராஸ்ட் போட்டு அரிப்பு, தடிப்பு, மூச்சுத்திணறல் வந்திருந்தா சீட்டு குடுக்கும்போதே சொல்லிடணும்.

மேசையில படுத்ததும் கையில வென்ஃப்ளான்ங்கிற ஊசிக் குழாய் போட்டு மெஷின்ல இருந்து மருந்து போகும், போகும்போது உடம்பு பூரா சூடு பாயுற மாதிரி இருக்கும், வாய்ல இரும்பு ருசி வரும், ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரி கூடத் தோணும், எல்லாம் சாதாரணம், அரை நிமிஷத்துல போயிடும். வயசானவங்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வெச்சா பதறாம இருப்பாங்க. "மூச்சை இழுத்துப் பிடிங்க"ன்னு ஸ்பீக்கர்ல சொல்லும்போது பிடிக்கணும், மூச்சு ஆடினா படம் மங்கிடும், ஒரு நுரையீரலோட இருக்கிறவங்களுக்கு இது சிரமம், வீட்லயே பத்து செகண்ட் பிடிச்சுப் பழக்கி விடுங்க.

முடிஞ்ச வரைக்கும் ஒரே சென்டர்ல, ஒரே முறையில எடுங்க. இந்தத் தடவை காரைக்குடி, அடுத்த தடவை மதுரை, அதுக்கடுத்து திருச்சின்னு எது சல்லிசோ அங்க போனா, ஒரு இடத்துல தடிமனா ஸ்லைஸ் எடுப்பாங்க, ஒரு இடத்துல மெலிசா, அளவுக ஒத்துப் போகாது, இருக்கிற நோய் வளர்ந்த மாதிரியும் வளர்ந்தது அடங்கின மாதிரியும் தெரியும்.

பெட் சிடி: எப்ப வேணும், எங்க ஏமாத்தும்

இதுக்கு மதுரைக்கோ திருச்சிக்கோதான் போகணும். சர்க்கரை மாதிரி ஒரு மருந்துல கதிரியக்கம் சேத்து ஊசி போடுவாங்க, எஃப்டிஜின்னு பேரு, வேகமா வேலை செய்யுற செல்லுக அதை இழுத்துக்கிட்டு படத்துல ஜொலிக்கும். ஒவ்வொரு தடவையும் இது தேவையில்ல. சிடியில ஒரு இடம் தழும்பா நோயான்னு சந்தேகமா இருக்கு, இல்ல வேற எங்கயாச்சும் பரவியிருக்கான்னு முழு உடம்பும் பாக்கணும்னு வரும்போதுதான் இது உதவும்.

ஆனா ஜொலிக்கிறது எல்லாம் கேன்சர் இல்ல. இதை அழுத்திச் சொல்றேன், ஏன்னா ரிப்போர்ட்டைப் படிச்சதும் வீட்ல எல்லாரும் உடைஞ்சு போயிடுவாங்க. நெஞ்சுல தண்ணி சேராம இருக்க டால்க் பவுடர் போட்டு சவ்வை ஒட்ட வெச்சிருப்பாங்கல்ல, அந்த இடத்துல புண் மாதிரி ஒரு அழற்சி நிரந்தரமா இருந்துக்கிட்டே இருக்கும், அது வருஷக்கணக்கா பெட்ல ஜொலிக்கும். ஆபரேஷன் ஆன இடமும் ஜொலிக்கும், ரேடியேஷன் பட்ட இடமும் ஜொலிக்கும். நம்ம நாட்டுல முக்கியமா டிபி, பழைய டிபி கிளறினாலும் நெறிக்கட்டிக பளிச்சுன்னு தெரியும். அதனாலதான் டால்க் தேதியும் எந்தப் பக்கம்ங்கிறதும் பைல்ல இருக்கணும்னு மேல சொன்னேன், வீட்ல யாருக்காச்சும் டிபி இருந்துச்சுன்னாலும் சொல்லுங்க. கீமோ முடிஞ்சு ரெண்டு மூணு வாரமாச்சும், ரேடியேஷன் முடிஞ்சு சுமாரா மூணு மாசமாச்சும் போன பிறகு எடுத்தாத்தான் பெட் உருப்படியாப் பேசும்.

இப்ப தயாராகிறது. முதல் நாள் மாவுச்சத்தும் இனிப்பும் குறைக்கணும், அதாவது இட்லி, இடியாப்பம், வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம் எல்லாம் அன்னைக்கு வேண்டாம், முட்டை, கோழி, மீன், கீரைன்னு வெச்சுக்கலாம். கடினமான வேலை, தூர நடை வேண்டாம். ஸ்கேனுக்கு முன்னாடி ஆறு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணி மட்டும் நல்லாக் குடிக்கலாம், டீ காபி கூடாது. வெத்தலை பாக்கும் கூடாது, மென்னுக்கிட்டே இருந்தா தாடைத் தசையெல்லாம் மருந்தை இழுத்துக்கும், பெரியவங்க மடியில மறைச்சு வெச்சிருப்பாங்க, கேட்டு வாங்கி வெச்சிடுங்க. சுகர் அங்க போனதும் பாப்பாங்க, 200க்கு மேல இருந்தா பெரும்பாலும் வேற நாளைக்கு வரச் சொல்லிடுவாங்க, இன்சுலின் போடுறவங்க எப்பப் போடணும்னு முதல் நாளே போன்ல கேட்டுக்குங்க.

நேரத்துக்குப் போறது ரொம்ப முக்கியம். இந்த மருந்து 110 நிமிஷத்துல பாதியாக் கரைஞ்சிடும், இன்னாருக்கு இத்தனை மணிக்குன்னு கணக்குப் பண்ணித்தான் வரவழைப்பாங்க. காரைக்குடியிலருந்து மதுரையோ திருச்சியோ 90 கிலோமீட்டர் கிட்டத்தட்ட, பஸ்ஸை நம்பிப் போனா எங்கயாச்சும் நிக்கும், அன்னைக்கு மட்டும் கார் வெச்சுக்குங்க இல்லன்னா முதல் நாளே போயித் தங்கிடுங்க. ஊசி போட்டு ஒரு மணி நேரம் ஒரு ரூம்ல பேசாம, போன் நோண்டாம, போர்வை போத்திப் படுத்திருக்கணும், ஏசி குளிர்ல உடம்பு நடுங்கினாலும் படத்துல தெரியும், அதனால ஒரு கம்பளி எடுத்துட்டுப் போங்க. வீடு திரும்பினதும் பேரன் பேத்திக ஓடி வந்து மடியில ஏறுவாங்க, அன்னைக்குப் பொழுதுக்கும் சின்னப் பிள்ளைகளையும் மாசமா இருக்கிறவங்களையும் தள்ளி இருக்கச் சொல்லுங்க, தண்ணி நிறையக் குடிச்சா மருந்து சீக்கிரம் வெளியேறிடும்.

எம்ஆர்ஐ, அல்ட்ராசவுண்ட், எக்ஸ்ரே

எம்ஆர்ஐ எல்லாருக்கும் வேண்டியதில்ல. நோய் நெஞ்சுச் சுவருக்குள்ளயோ உதரவிதானத்துக்குள்ளயோ இறங்கியிருக்கான்னு சிடியில தெளிவாத் தெரியாதப்ப எடுப்பாங்க, கான்ட்ராஸ்ட் ஒத்துக்காதவங்களுக்கும் உதவும், பேஸ்மேக்கர் இருந்தா முன்னாடியே சொல்லிடணும். அல்ட்ராசவுண்ட் தண்ணி எவ்வளவு இருக்குன்னு பாக்கவும், ஊசி விடுற இடத்தைக் குறிக்கவும். எக்ஸ்ரே தண்ணி கூடியிருக்கான்னு சொல்லும், அவ்வளவுதான், எக்ஸ்ரே நல்லா இருக்குன்னு சிடியைத் தள்ளிப் போடக் கூடாது. மீசோதெலின்ங்கிற ஒரு ரத்தப் பரிசோதனையும் இருக்கு, அதைத் துணைக்கு வெச்சுக்கலாம், ஸ்கேனுக்குப் பதில் ஆகாது.

ரிப்போர்ட்டை எப்படிப் படிக்கிறது

கடைசியில இருக்கிற இம்ப்ரெஷன் பகுதியை முதல்ல படிங்க. "முந்தைய ஸ்கேனோட ஒப்பிட்டப்ப"ங்கிற மாதிரி ஒரு வரி அதுல இருக்கணும், தேதியோட. இல்லன்னா ரேடியாலஜிஸ்ட், அதாவது படத்தைப் பாத்து ரிப்போர்ட் எழுதுற டாக்டர், பழைய டிஸ்க்கைப் பாக்கலைன்னு அர்த்தம், திரும்ப சென்டருக்குப் போயி டிஸ்க்கைக் குடுத்து ஒத்துப் பாத்து எழுதித் தரச் சொல்லுங்க, தயங்காதீங்க, இது நம்ம உரிமை.

சந்தேகப்பட வேண்டியது: சவ்வு மேடு பள்ளமா முடிச்சு முடிச்சாத் தடிக்கிறது, ஒரு சென்டிமீட்டருக்கு மேல தடிக்கிறது, நுரையீரலைச் சுத்தி வளையமா வர்றது, இதயப் பக்கத்துச் சவ்வு தடிக்கிறது, புதுசாத் தண்ணி, புதுசா நெறிக்கட்டி, எதிர்ப்பக்கம் புள்ளிக, வயித்துல தண்ணி, டியூப் போட்ட தழும்புல கட்டி. பயப்பட வேண்டாதது: புளூரல் பிளேக், அது கல்நார் தூசி பட்டதுக்கான பழைய அடையாளம், கால்சியம் படிஞ்சு இருக்கும், அது கேன்சர் இல்ல. நுரையீரல் எடுத்தவங்களுக்கு அந்தக் காலி இடத்துல தண்ணி நிறையுறது இயல்பு, இதயமும் நடுப்பகுதியும் அந்தப் பக்கமே சாயுறதும் இயல்பு. அது தலைகீழா, எடுத்த பக்கத்துலருந்து எதிர்ப்பக்கமாத் தள்ளப்பட்டா அப்ப கவனிக்கணும், நோயும் இருக்கலாம், சீழும் இருக்கலாம். உதரவிதானத்துக்குப் பதிலா வெச்சுத் தைக்கிற செயற்கைத் துணி சிடியில வெள்ளையாத் தெரியும், ஆபரேஷன் நோட் இல்லாத புது ரேடியாலஜிஸ்ட் அதையே தடிப்புன்னு எழுத வாய்ப்பு உண்டு.

கட்டி உள்ள இருக்கிறவங்களுக்கு அளவு பாக்க ஒரு முறை இருக்கு, மாடிஃபைட் ரெசிஸ்ட்னு பேரு, 2004ல வந்துச்சு, 2018ல திருத்தினாங்க. நெஞ்சுல மூணு மட்டத்துல, மட்டத்துக்கு ரெண்டு இடம்னு ஆறு இடத்துல தடிமனை அளந்து கூட்டுவாங்க. இதுவரைக்கும் வந்ததுலயே குறைவான கூட்டுத்தொகையை விட 20 சதவீதம் கூடி, குறைஞ்சது 5 மில்லிமீட்டரும் கூடியிருந்தா வளர்ந்திருக்குன்னு எடுத்துக்குவாங்க. உதாரணமா குறைஞ்சபட்சம் 40 மில்லிமீட்டர் இருந்தது இப்ப 48 ஆனா வளர்ச்சி, 43 ஆனா அளக்குறதுல வர்ற வித்தியாசமாவும் இருக்கலாம். புதுசா ஒரு கட்டி வந்திருந்தா இந்தக் கணக்கே தேவையில்ல, அதுவே வளர்ச்சிதான். இம்யூனோதெரபி எடுக்கிறவங்களுக்கு மட்டும் ஒரு விஷயம், அபூர்வமா கட்டி முதல்ல பெருசான மாதிரி காட்டிட்டு அப்புறம் சுருங்கும், அதனால ஆள் நல்லா இருந்தா நாலு முதல் எட்டு வாரத்துல திரும்ப எடுத்துப் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுவாங்க.

ஸ்கேன் சந்தேகத்தைத்தான் சொல்லும், உறுதி பண்றது பயாப்சி. தண்ணியை மட்டும் எடுத்து டெஸ்ட் பண்ணா இந்த நோய் பல நேரம் பிடிபடாது, சிடி இல்ல அல்ட்ராசவுண்ட் பாத்துக்கிட்டே ஊசியில சதை எடுக்கிறது நல்லது. சில சமயம் ஆளுக்குத் தாங்காது, இல்ல படமே ரொம்பத் தெளிவா இருக்குன்னா டாக்டர் பயாப்சி வேண்டாம்னும் சொல்லுவாரு.

தேதிக்குக் காத்திருக்கக் கூடாதப்ப

அடுத்த ஸ்கேன் ரெண்டு மாசம் இருக்குன்னு உக்காந்திருக்க வேண்டாம். படியேறினா முன்னைக்கு இப்ப மூச்சு வாங்குது, நோய் வந்த பக்கத்துல ராத்திரி தூங்க விடாத வலி, தழும்புல கை வெச்சா ஒரு முடிச்சு, காரணமில்லாம எடை இறங்குது, வயிறு உப்புது, சோறு இறங்க மாட்டேங்குது, இதுல எது வந்தாலும் உடனே போன் பண்ணுங்க. எங்க வீட்ல சித்தியே வாரத்துக்கு ஒருக்க எடை பாத்து காலண்டர்ல குறிச்சு வெக்கிறாங்க, குளிக்க வெக்கும்போது தழும்பைத் தடவிப் பாக்குறாங்க, நம்ம பெரியவங்க வலியை வெளிய சொல்ல மாட்டாங்க, பக்கத்துல இருக்கிற ஆள்தான் கவனிக்கணும்.

பணம், காகிதம்

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா ஆஸ்பத்திரியில அதுக்குன்னு இருக்கிற கவுண்டர்ல எந்த ஸ்கேன் சேரும்னு ஸ்கேனுக்கு முன்னாடியே கேளுங்க, எடுத்து முடிச்சுட்டுப் பில்லைக் கொண்டு போனா வேலைக்காகாது. இந்தியாவுல கல்நார் சம்பந்தப்பட்ட கம்பெனியில வேலை பாத்தவங்களா இருந்தா, 1995ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்புப்படி தொழிலாளியோட உடல்நலப் பதிவேட்டை வேலைக்குச் சேந்ததுலருந்து 40 வருஷம், இல்ல வேலையை விட்டு 15 வருஷம், எது பிந்துதோ அதுவரைக்கும் கம்பெனி வெச்சிருக்கணும். கல்நாரால வர்ற மீசோதெலியோமா சட்டப்படி இழப்பீடு கேக்கக்கூடிய தொழில்நோய்ப் பட்டியல்ல இருக்கு, அதனால பழைய அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, பிஎஃப் காகிதம் எதையும் தூக்கிப் போடாதீங்க.

திரும்ப வந்திருக்குன்னு உறுதியாச்சுன்னா

வழி அடைஞ்சு போச்சுன்னு நினைக்காதீங்க. முதல் கீமோ முடிஞ்சு நல்ல இடைவெளி இருந்தா அதுல குடுத்த பெமெட்ரெக்ஸ்ட் மருந்தையே திரும்பக் குடுக்கிறது உண்டு, இம்யூனோதெரபி முன்னாடி எடுக்காதவங்களுக்கு அது இருக்கு, ஜெம்சைட்டபின், வினோரெல்பின் மாதிரி மருந்துக இருக்கு, ஒரே இடத்துல வலின்னா அந்த இடத்துக்கு மட்டும் ரேடியேஷன், தண்ணி சேந்தா வடிக்கிறதுக்கு டியூப். பேலியேட்டிவ் டாக்டரைப் பாக்கச் சொன்னா கைவிட்டுட்டாங்கன்னு அர்த்தம் இல்ல, வலியையும் மூச்சுத்திணறலையும் அடக்க அவங்கதான் கெட்டிக்காரங்க, சீக்கிரம் பாத்தா நல்லது. இவருக்கு இப்ப உடம்புல எவ்வளவு தெம்பு இருக்கு, அவரு என்ன விரும்புறாருங்கிறதை அவரையே கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க, அவருக்குத் தெரியாம மறைச்சுப் பேசுறது வேண்டாம்.

எந்த முடிவா இருந்தாலும் டாக்டர் ரூமை விட்டு வெளிய வர்றதுக்குள்ள அடுத்த ஸ்கேன் தேதி, எந்த ஸ்கேன், எந்த சென்டர், கிரியாட்டினின் எப்ப எடுக்கணும், ராத்திரி மூச்சுத்திணறல் வந்தா யாருக்குப் போன் பண்ணணும், இத்தனையும் சீட்ல எழுதி வாங்கி பைல்ல முதல் பக்கத்துல சொருகி வெச்சிடுங்க.